கத்தரிக்கோல் யார் கையில்?

தையல் வகுப்புகள் தெருவுக்குத் தெரு வந்துவிட்டன. மெஷின் மிதிக்கத் தெரிந்தவர்கள் பெருகியிருக்கிறார்கள். ஆனால், துணியில் கத்தரிக்கோல் வைக்கும் துணிச்சல் எத்தனை பேருக்கு வந்திருக்கிறது?

ஈரோட்டில் ஜவுளிக் கடைகளுக்குப் பின்னாலுள்ள ஒரு சந்து. மாடியேறினால் நீளமான அறை, சுவரோரம் வரிசையாக மெஷின்கள். பிற்பகல் வகுப்பு நடக்கிறது. ஒருவர் பாவாடைக்கு நாடா பட்டி அடிக்கிறார். இன்னொருவர் பழைய வேட்டித் துண்டில் வளைவுத் தையல் பழகுகிறார். சன்னலோரக் கட்டிங் டேபிளில் மட்டும் சத்தமே இல்லை. அங்கே நிற்கும் இளம்பெண்ணின் முன்னால் ஒரு மீட்டர் பச்சைத் துணி நாலாக மடித்துக் கிடக்கிறது. அதன்மேல் வெள்ளை சாக்கில் தோள், கழுத்து, கைக்குழி, இடுப்பு என்று கோடுகள். கத்தரிக்கோலை விளிம்பில் வைக்கிறார், எடுக்கிறார், மறுபடியும் டேப்பை வைத்து அளக்கிறார்.

"வெட்டு கண்ணு. எத்தன தடவ அளப்ப?"

"தப்பாப் போயிருச்சுன்னா என்னங்க்கா பண்றது?"

"போனா உம் பாப்பாவுக்கு ஒரு சட்ட தெச்சுக்கலாம். வெட்டு."

கத்தரிக்கோல் நகர்கிறது. மெஷினில் இருக்கும் இரண்டு பேர் கால் மிதியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கிறார்கள். தையல் தப்பினால் பிரித்துவிட்டு மறுபடி தைக்கலாம். வெட்டு தப்பினால் துணி போயிற்று. இது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.

தமிழ்நாட்டில் தையல் கற்க வரும் பெண்களை இரண்டாகப் பிரிப்பது இந்த பயம்தான். பயத்தைத் தாண்டியவர் வீட்டு வாசலில் 'ஜாக்கெட், சுடிதார் தைத்துத் தரப்படும்' என்று பலகை மாட்டுகிறார். தாண்டாதவர், வேறொருவர் வெட்டிக் கொடுத்ததைப் பீஸ் கணக்கில் தைக்கிறார், அல்லது கொக்கி கட்டியும் எம்மிங் பண்ணியும் கிடைப்பதை வாங்கிக்கொள்கிறார். இருவரும் ஒரே வகுப்பில் ஒரே மெஷினில் பழகியவர்களாகக்கூட இருக்கலாம்.

மெஷின் சீக்கிரம் பழகிவிடும்

முதல் நாள் மெஷினில் நூலே கோக்க மாட்டார்கள். கோடு போட்ட நோட்டுத்தாளைப் பாதத்துக்கு அடியில் வைத்து, வெறும் ஊசியால் கோட்டின்மேல் ஓட்டச் சொல்வார்கள். நேர்கோடு, பிறகு சதுரம், பிறகு நத்தைக்கூடு போன்ற சுருள். காலும் கையும் கண்ணும் ஒன்றுசேர அதிக நாள் ஆவதில்லை. மோட்டார் பொருத்திய மெஷினில் இன்னும் சீக்கிரம். பாபினில் நூல் சுற்றுவது, ஊசி மாற்றுவது, தையலின் நீளத்தைக் கூட்டிக் குறைப்பது எல்லாமே சில வாரங்களில் கைக்கு வந்துவிடும்.

கஷ்டம் துணியில்தான் தொடங்குகிறது. துணியில் நீளவாட்டில் ஓடுவது பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. தறியில் இறுக்கிக் கட்டப்பட்ட பாவு நூல் அவ்வளவாக இழுபடாது. ஊடை கொஞ்சம் கொடுக்கும். மூலைவாட்டில் பிடித்து இழுத்தால் துணி நன்றாகவே நீளும். தையல்காரர்கள் இதை 'கிராஸ்' என்கிறார்கள். கழுத்துக்கு வைக்கும் பைப்பிங் பட்டியைக் கிராஸில் வெட்டினால்தான் வளைவில் சுருங்காமல் படியும். நேர்வாட்டில் வெட்டிய பட்டி கழுத்தைச் சுற்றித் தூக்கிக்கொண்டு நிற்கும். சட்டையின் உடல்பகுதியைப் பாவு பார்த்து வெட்டாமல் மிச்சத் துணியில் கோணலாக எடுத்துவிட்டால், இரண்டு சலவைக்குப் பிறகு பக்கத் தையல் முன்னால் திரும்பி வந்துவிடும். எவ்வளவு நேர்த்தியாகத் தைத்தாலும் இதைத் திருத்த முடியாது.

அடுத்தது உடம்பு. துணி தட்டை, உடம்பு தட்டை இல்லை. ஜாக்கெட்டில் டாட் பிடிப்பதே இதற்காகத்தான். மார்பின் கீழும் பக்கத்திலும் துணியை முக்கோணமாக மடித்துத் தைக்கும்போது தட்டைத் துணி குழிந்து கொடுக்கிறது. டாட்டின் முனை மார்பின் உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் முடிய வேண்டும். அதைத் தாண்டினால் துணி கூம்பி நிற்கும், வெகு முன்பே நின்றுவிட்டால் மார்புக்கு மேல் சுருக்கம் விழும்.

முன்பக்கக் கைக்குழியைப் பின்பக்கத்தைவிடச் சற்று ஆழமாக வெட்ட வேண்டும். நம் கை முன்னோக்கித்தான் அதிகம் போகிறது, அங்கே துணி மிஞ்சினால் அக்குளில் மடியும். கையின் மேல்வளைவை உயரமாக வெட்டினால் கையைத் தொங்கவிட்டிருக்கும்போது அழகாகப் படியும், ஆனால் பஸ்ஸில் கம்பியைப் பிடித்தால் ஜாக்கெட் முழுதும் மேலே ஏறும். வளைவைத் தாழ்த்தினால் கையைத் தாராளமாகத் தூக்கலாம், ஆனால் அக்குளில் கொஞ்சம் மடிப்பு விழும். மேடையில் உட்காரப்போகிறவருக்கும் நாற்று நடப்போகிறவருக்கும் ஒரே கைவளைவு பொருந்தாது. வெட்டுகிறவர்தான் இதைத் தீர்மானிக்கிறார்.

இவ்வளவு சிக்கலான ஜாக்கெட்டைத்தான் நம் வகுப்புகள் பாவாடைக்கும் குழந்தைச் சட்டைக்கும் அடுத்தபடியாகக் கையில் கொடுக்கின்றன. வாடிக்கையாளர் கேட்பது அதைத்தான் என்பதால் இதைக் குறைசொல்ல முடியாது. ஆனால், 'நெஞ்சுச் சுற்றளவில் நாலில் ஒரு பங்கு, அதோடு லூஸுக்கு அரை இஞ்ச், உள்தையலுக்கு ஒன்றரை இஞ்ச்' என்ற வாய்ப்பாட்டோடு பாடம் முடிந்துவிடுவது குறைதான். முப்பத்தாறு அளவுள்ள இரண்டு பெண்களில் ஒருவருக்கு முதுகு அகலம், இன்னொருவருக்கு மார்பு எடுப்பு. வாய்ப்பாடு இருவருக்கும் ஒரே விடையைத்தான் சொல்லும். அதற்குமேல் என்ன செய்வது என்று தெரிந்திருப்பதைத்தான் கட்டிங் மாஸ்டரின் தொழில் என்கிறோம்.

பெட்டிச் செய்தி: புதியவர்கள் திணறும் இடங்கள்

துணிக்கு அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சிக்கினால் எல்லோரும் பாபினைத்தான் கழற்றுவார்கள். பெரும்பாலும் தவறு மேலே இருக்கும்: மேல் நூல் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே சரியாக உட்காரவில்லை. பாதத்தைத் தூக்கிவிட்டு மறுபடி கோத்துப் பாருங்கள்.

தையல் விட்டு விட்டு விழுந்தால் ஊசியைச் சந்தேகியுங்கள். வளைந்திருக்கும், முனை மழுங்கியிருக்கும், அல்லது தட்டைப்பக்கம் மாறிப் பொருத்தப்பட்டிருக்கும்.

மெல்லிய துணிக்கு 11-ம் எண் ஊசி, வழக்கமான பருத்திக்கு 14 அல்லது 16, ஜீன்ஸ் போன்ற தடித்த துணிக்கு 18. பனியன் துணிக்கு உருண்டை முனை ஊசி வேண்டும். கூர்முனை ஊசி இழையை அறுத்து ஓட்டை விழவைக்கும்.

பருத்தி லைனிங் துணியைத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்துத் தேய்த்த பிறகே வெட்டுங்கள். இல்லாவிட்டால் முதல் சலவையில் லைனிங் சுருங்கி மேல்துணி பை போலத் தொங்கும்.

அளவு ஜாக்கெட் சொல்லாத அளவுகள்

நம் ஊரில் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும் முறை எல்லோருக்கும் தெரியும். புதுத்துணியோடு பழைய 'அளவு ஜாக்கெட்' ஒன்றையும் பையில் போட்டுக் கொடுப்போம். ஆண் தையல்காரரிடம் உடம்பு அளவு கொடுக்கும் கூச்சத்துக்கு ஒரு நல்ல வழியாக இருந்தது இது. ஆனால், பழைய ஜாக்கெட்டின் குறையெல்லாம் புதிய ஜாக்கெட்டுக்கும் வரும். தோள் இறங்குவதும், கைக்குழி அறுப்பதும், முதுகில் துணி தூக்குவதும் ஆண்டுக்கணக்கில் தொடரும். 'எனக்கு எப்பவுமே ஜாக்கெட் சரியா அமையாது, என் உடம்புவாகு அப்படி' என்று சொல்லும் பெண்கள் எத்தனை பேர்! உடம்பில் ஒரு குறையும் இல்லை. யாரும் அந்த உடம்பை நேரில் அளக்கவில்லை.

பெண்கள் தைக்க வந்ததில் எனக்கு மிகவும் முக்கியமாகத் தெரியும் மாற்றம் இதுதான். பக்கத்து வீட்டு அக்கா டேப்பை எடுத்துச் சுற்றும்போது பெண்கள் கூச்சமின்றிப் பேசுகிறார்கள். பாப்பாவுக்குப் பால் கொடுக்க முன்பக்கத் திறப்பு வேண்டும் என்கிறார்கள். ஒரு தோள் இறங்கியிருக்கிறது என்கிறார்கள். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவைசிகிச்சை செய்துகொண்ட ஒருவர், ஒரு பக்கம் மட்டும் உள்ளே பை வைத்து, அதில் பஞ்சுத் திண்டு நுழைக்கும்படி ஜாக்கெட் கேட்கலாம். சக்கர நாற்காலியில் இருக்கும் மகளுக்குத் தலைவழியே மாட்டாமல் முன்பக்கம் ஒட்டுப்பட்டி வைத்த சுடிதார் கேட்கலாம். ரெடிமேட் கடையில் இவை தொங்குவதில்லை. வெட்டத் தெரிந்த ஒருவர் தெருவில் இருந்தால் ஒரே நாளில் கிடைத்துவிடும்.

தைத்த மேலாடை நம் மண்ணில் சாதாரண விஷயமாக இருந்ததில்லை என்பதையும் இங்கே நினைக்க வேண்டும். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தை உள்ளடக்கிய அன்றைய திருவிதாங்கூரில், நாடார் உள்ளிட்ட சாதிகளைச் சேர்ந்த பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காகப் பத்தாண்டுகள் கணக்கில் அடிபட்டார்கள். தோள்சீலைப் போராட்டத்தின் முடிவில், 1859 ஜூலை 26 அன்று வந்த அரச அறிவிப்பு அவர்கள் குப்பாயம் என்ற ரவிக்கை அணியலாம் என்றது. அப்போதும், உயர்சாதிப் பெண்களைப் போல மேலாடை அணியக் கூடாது என்ற தடை நீங்கவில்லை. அந்த மாவட்டத்தில் இன்று ஒரு பெண் தன் ஜாக்கெட்டைத் தானே வரைந்து வெட்டுகிறாள் என்றால், அந்தச் செயலுக்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது.

பெட்டிச் செய்தி: இயந்திரம் வந்த வழி

1830: பிரான்ஸில் பார்த்தலேமி திமோனியே தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். பிழைப்பு போய்விடும் என்று அஞ்சிய தையல்காரர்கள் மறு ஆண்டே பாரிஸில் அவருடைய இயந்திரங்களை அடித்து நொறுக்கினார்கள்.

1846: அமெரிக்காவில் எலியாஸ் ஹோவுக்குக் காப்புரிமை. காது ஊசியின் முனையில் இருக்க, மேல் நூலும் கீழ் நூலும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும் முறை. நம் வீட்டு மெஷினில் இன்றும் நடப்பது இதுதான். ஊசி இறங்கி ஏறும்போது விழும் சிறு வளையத்தைக் கீழேயுள்ள கொக்கி பிடித்து, பாபினைச் சுற்றி எடுத்துச் செல்கிறது.

1851: ஐசக் சிங்கரின் காப்புரிமை. மெஷின் வீடுகளுக்குள் வந்தது இந்தப் பெயரோடுதான்.

1863: எபனேசர் பட்டரிக் அளவு வாரியாகக் காகிதப் பேட்டர்ன்களைச் செய்து விற்கத் தொடங்கினார்.

1924: இயந்திரங்களின் ஆதிக்கத்தை எதிர்த்த காந்தி, ஓர் உரையாடலில் சிங்கர் தையல் இயந்திரத்துக்கு விலக்கு அளித்தார். தன் மனைவி கையால் தைத்துச் சிரமப்படுவதைப் பார்த்த சிங்கரின் அன்பில் பிறந்தது அந்த இயந்திரம் என்பது காந்தி சொன்ன காரணம்.

1930-கள்: கல்கத்தாவில் 'உஷா' தையல் மெஷின் தயாரிப்பு தொடங்கியது.

பத்து வருஷமாகத் தோள் மட்டும்

தையல் என்றாலே பலருடைய நினைவு திருப்பூருக்குப் போகும். இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் அங்கிருந்துதான் போகிறது. பனியன் கம்பெனியில் ஒரு டி-சர்ட் முழுதையும் ஒருவர் தைப்பதில்லை. ஒருவர் தோளை மூட்டுவார், அடுத்தவர் கழுத்துக்கு ரிப் வைப்பார், இன்னொருவர் கை ஏற்றுவார், பேட்லாக்கில் ஒருவர் அடி மடிப்பார். வெட்டுவது தனிப் பிரிவு. புதிதாக வருபவர் டெய்லருக்குப் பக்கத்தில் கைமடிப்பவராக நின்று, பிறகு பவர் மெஷினில் உட்காருகிறார்.

வேகம் இந்த முறையால்தான் வருகிறது, வேலை ஓடும்வரை சம்பளமும் வருகிறது. ஆனால், பத்து வருஷம் ஓவர்லாக்கில் தோள் மூட்டிய ஒரு பெண் ஒரு முழுச் சட்டையைத் தானாக வெட்டித் தைத்திருக்க மாட்டார். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவிகித வரி விதித்தபோது, திருப்பூரில் ஆர்டர்கள் நின்றதையும் தள்ளிப்போனதையும் செய்திகளில் பார்த்தோம். அப்படியான மாதங்களில் ஊருக்குத் திரும்பும் பெண் கையோடு கொண்டுபோவது ஒரே ஒரு மூட்டும் வேலையின் வேகம்தான். அதை வைத்து ஊரில் கடை போட முடியாது. திருமணத்துக்குப் பிறகு கம்பெனியை விட்டவர்களுக்கும் இதே நிலைதான். கம்பெனிகள் ஞாயிற்றுக்கிழமை அரை நாள் கட்டிங் சொல்லிக்கொடுத்தால் அவற்றுக்கு எந்த நஷ்டமும் வராது. தொழிற்சங்கங்கள் கேட்க வேண்டிய கோரிக்கைகளில் இதுவும் ஒன்று.

மெஷின் கொடுத்தாயிற்று, பிறகு?

அரசு இந்தத் துறையில் செய்திருப்பது கொஞ்சமல்ல. சத்துணவு சாப்பிடும் 1 முதல் 8-ம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கு ஆண்டுக்கு நான்கு செட் சீருடை இலவசம். அவற்றைத் தைப்பவர்கள் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்கள். கணவரை இழந்த, கைவிடப்பட்ட, ஆதரவற்ற பெண்களுக்குச் சத்தியவாணி முத்து அம்மையார் பெயரிலான திட்டத்தில் இலவசத் தையல் இயந்திரம் தரப்படுகிறது. வயது 20 முதல் 40 வரை, ஆறு மாதத் தையல் பயிற்சிக்கான சான்று வேண்டும். கிராமப்புற இளைஞர்களுக்கு வங்கிகள் நடத்தும் சுயவேலைப் பயிற்சி மையங்களில் ஒரு மாதத் தையல் பயிற்சியை உணவும் தங்குமிடமும் சேர்த்து இலவசமாகத் தருகிறார்கள். ஐ.டி.ஐ-களில் ஓராண்டுப் படிப்பு இருக்கிறது. 2020-ல் கொரோனா வந்தபோது முகக்கவசங்களைத் தைத்துக் குவித்த சுயஉதவிக் குழுப் பெண்களில் பலர் இப்படிப் பழகியவர்கள்தான்.

இருந்தும் பல வீடுகளில் அந்த மெஷின் மேல் ஒரு பழைய புடவை போர்த்தியிருக்கிறது. சோம்பலால் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சான்றிதழ் கையில் இருக்கிறது, ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் இரண்டாயிரம் ரூபாய்ப் பட்டுப்புடவையின் ஜாக்கெட் துணியைக் கொண்டுவந்து நீட்டினால் வெட்டக் கை வரவில்லை. புடவையோடு வரும் ஜாக்கெட் துணி பெரும்பாலும் 80 சென்டிமீட்டர்தான். தப்பினால் அதே நிறத்தில் வேறு துணி கிடைக்காது. ஆறு மாதத்தில் எத்தனை ஜாக்கெட்டைச் சொந்தமாக வரைந்து, வெட்டி, போட்டுப் பார்த்துத் திருத்தினார் என்பதை எந்தச் சான்றிதழும் சொல்வதில்லை. அதைச் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மெஷின் கொடுக்குமுன் ஒரு மீட்டர் துணியைக் கொடுத்து வெட்டச் சொல்லிப் பாருங்கள். வெட்ட வராதவருக்கு மெஷினை மறுக்க வேண்டாம். இன்னும் இரண்டு மாதம் கட்டிங் பயிற்சியைச் சேர்த்துக் கொடுங்கள்.

யூடியூப் பார்த்துக் கற்றவர்களும் இன்று நிறைய. வீட்டைவிட்டு வெளியே போக முடியாதவர்களுக்கு அது பெரிய வரம். வீடியோவை நிறுத்தி, திருப்பிப் பார்த்து, எந்த வகுப்பிலும் கிடைக்காத பொறுமையோடு கற்கிறார்கள். ஆனால், போட்டுப் பார்த்த ஜாக்கெட்டில் கழுத்து ஏன் விலகுகிறது என்று பின்னால் நின்று தொட்டுச் சொல்ல அதில் ஆள் இல்லை. அந்தக் கட்டத்தில் அனுபவமுள்ள ஒருவரிடம் ஒரு மாதமாவது போய் உட்காருவது நல்லது. இன்னொன்று: அடிப்படைக் கட்டிங் வருமுன்பே ஆரி வேலைப்பாட்டுக்கு ஆயிரக்கணக்கில் கட்டணம் கட்டிச் சேர்ந்துவிடாதீர்கள். எவ்வளவு மணி கோத்தாலும் ஜாக்கெட் தோளில் நிற்காவிட்டால் வாடிக்கையாளர் திரும்பி வர மாட்டார்.

உழைப்புக்கு விலை போடத் தெரிய வேண்டும்

வகுப்பில் யாரும் கற்றுத்தராத பாடம் ஒன்று இருக்கிறது. ஒரு லைனிங் ஜாக்கெட்டுக்கு 300 ரூபாய் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். லைனிங் துணி, நூல், கொக்கி, மின்சாரம் எல்லாம் சேர்த்து 90 ரூபாய் போனால் மிச்சம் 210. அளவெடுத்து வெட்ட முக்கால் மணி, தைக்க இரண்டு மணி, எம்மிங்கும் கொக்கியும் முக்கால் மணி. மூன்றரை மணி நேரத்துக்கு 210 ரூபாய் என்றால் மணிக்கு 60. ஆல்டருக்குத் திரும்பி வந்து அரை மணி போனால் 52 ரூபாய் சொச்சம். இதில் மெஷின் சர்வீஸ், வீட்டிலிருந்து எடுத்துக்கொள்ளும் இடம், தீபாவளிக்கு முந்தைய வாரத் தூக்கம் எதுவும் சேரவில்லை.

வீட்டில் தைப்பவர்கள் இந்தக் கணக்கைப் போடாததற்குக் காரணம் உறவு. சித்தி மகளுக்கும் எதிர் வீட்டு அக்காவுக்கும் கூலி கேட்க நாக்கு வராது. 'சும்மா வீட்டுலதானே இருக்கே' என்ற பேச்சுக்குப் பயந்து விலையைப் பாதியாக்கிவிடுகிறார்கள். ஒரு தெருவில் ஒருவர் குறைத்தால் அடுத்தவரும் குறைக்கத்தான் வேண்டும். ஒரே பகுதியில் தைக்கும் நான்கைந்து பேர் உட்கார்ந்து பேசி, சாதா ஜாக்கெட், லைனிங், பிரின்ஸஸ் கட், சுடிதார் என்று விலைப்பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டினால் பாதிப் பிரச்சினை தீரும். ஒட்டிய விலையைக் கேட்க யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை. தையல் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்வதும் அவசியம். வீட்டில் தைப்பவர்கள் தங்களைத் தொழிலாளர் என்று நினைக்காததால், அறுபது வயதுக்குப் பிறகான ஓய்வூதியம் முதல் பிள்ளைகளின் கல்வி உதவி வரை பலதையும் இழக்கிறார்கள்.

பிட் துணி மூட்டை

வெட்டும் பயத்துக்கு மருந்து கெடுக்கத் துணி கிடைப்பதுதான். ஈரோட்டிலும் திருப்பூரிலும் மிஞ்சிய பிட் துணி கிலோ கணக்கில் விற்கிறது. ஜாக்கெட்டின் ஒரு முன்பாகம், ஒரு கை, ஒரு கழுத்து வெட்டிப் பழக அது போதும். முதலில் செய்தித்தாளில் வரைந்து வெட்டி, குண்டூசியால் கோத்து உடம்பில் வைத்துப் பார்க்கலாம். பிறகு பிட் துணியில், பிறகு பழைய புடவையில், கடைசியாகப் புதுத்துணியில். இந்த வரிசையில் போகும் வகுப்புகளில் கத்தரிக்கோல் பிடிக்கும் பயம் சீக்கிரம் விலகுகிறது.

வகுப்பில் பணம் கட்டுமுன் ஆசிரியரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். என் அளவை நானே எடுத்து, நானே வரைந்து வெட்டுவேனா? வெட்டித் தைத்ததை இங்கேயே போட்டுப் பார்த்துத் திருத்தச் சொல்லித் தருவீர்களா? முடிப்பதற்குள் வெவ்வேறு உடம்புக்காரர்கள் ஐந்து பேருக்காவது தைத்திருப்பேனா? பழகுவதற்கான துணியை நீங்கள் தருவீர்களா, நான் கொண்டுவர வேண்டுமா? பயிற்சி நடத்தும் துறைகளுக்கும் இதே கேள்விகள் பொருந்தும். மெஷினுக்கு ஒதுக்கும் பணத்தோடு ஆளுக்குச் சில கிலோ பிட் துணிக்கும் ஒதுக்கீடு செய்தால், அடுத்த ஆண்டே அந்த மையங்களிலிருந்து துணியை வெட்டத் தெரிந்தவர்கள் வெளியே வருவார்கள்.